பழைய மில்லை மண்டபமாக்கும்போது முழக்கத்தை அடக்குவது எப்படி?

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் ஓடாமல் நிற்கும் அரிசி மில்லோ பஞ்சுக் குடோனோ கைக்கு வந்தால், பலருக்கும் முதலில் தோன்றுவது அதை விசேஷ மண்டபமாகவோ டியூஷன் சென்டராகவோ மாற்றிவிடலாம் என்பதுதான். பெயின்ட் அடித்து, டைல்ஸ் பதித்து, ஃபேன் மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்போம். திறப்பு விழாவில் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசும்போதுதான் குட்டு உடையும். சத்தம் காதைப் பிளக்கும், ஒரு வார்த்தையும் புரியாது. உடனே மைக்செட்காரர், "பெரிய பாக்ஸ் போட்டால் சரியாகிடும் அண்ணாச்சி" என்பார். சரியாகாது. சத்தம் போதாததல்ல கோளாறு. போன வார்த்தை அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை வந்து அதன்மேல் ஏறுகிறது. செங்கல், சிமென்ட் பூச்சு, டைல்ஸ், தகரம் ஆகியவை ஒலியை விழுங்குவதில்லை. திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஸ்பீக்கர் கடைக்குப் போகுமுன் டேப்பை எடுங்கள். காலி மண்டபத்தின் நடுவில் நின்று ஓங்கி ஒரு கைதட்டு தட்டி, சத்தம் முழுக்க அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பதிவு செய்து பாருங்கள். பேச்சுக்கான இடத்தில் ஒரு விநாடியை ஒட்டி அடங்கவேண்டும். மேடையில் நின்றும் தட்டுங்கள். பின்சுவர் 56 அடிக்கு மேல் தள்ளி இருந்தால், தட்டிய ஒலி தனி எதிரொலியாகத் திரும்பி வரும். பேசுபவர் தடுமாறுவது அதனால்தான்.

அடுத்தது கணக்கு. இதைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். பேச்சு புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யும் வேலை 1895-ல் அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுநேரங்களில் சுமந்து வந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவருடைய சூத்திரத்தை அடிக்கணக்கில் சொன்னால், மண்டபத்தின் கன அடியை 0.049 ஆல் பெருக்கி, ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுக்கவேண்டும். திறந்த ஜன்னல் ஒரு சதுர அடி என்றால் உறிஞ்சும் பரப்பும் ஒன்று. சிமென்ட் பூசிய சுவருக்கு 0.03 அளவுதான். 2 இஞ்ச் ராக்வூலுக்கு 0.8 என்று வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் நாலரை சதுர அடிக்குச் சமம்.

60 அடி நீளம், 30 அடி அகலம், 20 அடி உயரம் உள்ள குடோனை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 36,000 கன அடி; தரை, சுவர், கூரை சேர்ந்து 7,200 சதுர அடி. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் உறிஞ்சுவது 216-தான். ஒலி அடங்க 8 விநாடிக்கு மேல் ஆகும். 150 பேர் உட்கார்ந்தால் 2 விநாடிக்கு இறங்கும். அதையும் 1.2-க்குக் கொண்டுவர இன்னும் சுமார் 580 தேவை. அதாவது 725 சதுர அடி ராக்வூல். கூட்டம் குறைவாக வரும் இடமென்றால் இன்னும் கூட்டிப் போடுங்கள்.

முதலில் பின்சுவர். தரையிலிருந்து 4 அடிக்கு மேல் 8 அடி உயரத்துக்கு அகலம் முழுக்கப் போர்த்தினால் 240 சதுர அடி ஆயிற்று. சுவரோடு ஒட்டாமல் 2 இஞ்ச் இடைவெளி விட்டுச் சட்டம் அடியுங்கள். தவிலின் தாழ்ந்த ஒலியையும் அது கொஞ்சம் பிடிக்கும். மீதிக்கு, 4 அடிக்கு 2 அடி ராக்வூல் பலகைகளைத் துணியில் பொதிந்து ட்ரஸ்ஸிலிருந்து செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். இரண்டு முகமும் வேலை செய்வதால் 30 பலகை போதும். ஒன்று சட்டத்தோடு நாலு கிலோவுக்குள் நிற்கும். ஆனாலும் துருவேறிய பழைய ட்ரஸ் என்றால் இன்ஜினீயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் சீட் என்றால் அதில் துளை போடவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

போர்த்தும் துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வரவேண்டும். ரெக்சின் போட்டால் போட்ட காசு வீண். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நெய்யும் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு, அதன்மேல் தளர்ந்த நெசவுப் பருத்தித் துணி சுற்றலாம். தென்னந்தோப்புகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் தேங்காய் நார் மெத்தையும் எளிதில் தோன்றும் யோசனைதான். தடிமனாகப் போட்டால் ஒலியை நன்றாகவே உறிஞ்சும். ஆனால் எலி கூடு கட்டும், தீயும் பற்றும். தீயை லேசாக எண்ணவேண்டாம். இங்கிலாந்தின் ஸ்னேப் என்ற ஊரில் மால்ட் தயாரித்த பழைய ஆலையை இசையரங்காக்கி 1967-ல் திறந்தார்கள். 1969-ல் அது எரிந்துபோய், மறுவருஷம் திரும்பக் கட்டித் திறந்தார்கள். நாரோ துணியோ எதுவானாலும் தீத்தடுப்பு ரசாயனம் ஏற்றி, ஒயர்களைக் குழாய்க்குள் விட்டபிறகே மாட்டுங்கள்.

முட்டை அட்டையும் தெர்மோகோலும் வேண்டவே வேண்டாம். இரண்டாலும் பேச்சு தெளியாது, நெருப்புக்குத்தான் ஆகும்.

தகரக் கூரையில் ஐப்பசி மழை விழும் இரைச்சலும், வெளியே திருவிழா ஸ்பீக்கர் போடும் சத்தமும் வேறு வியாதிகள். மழைக்குத் தகரத்தை ஒட்டி அடியில் கிளாஸ்வூல் விரிப்பு போடவேண்டும். வெளிச்சத்தத்துக்குக் கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, தேவையில்லாத வென்டிலேட்டர்களைச் செங்கல் வைத்து அடைக்கவேண்டும். நம் ஊர் வெயிலுக்கு எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது. சாலைப்பக்கம் மட்டும் அடையுங்கள்.

ஸ்பீக்கர் இதற்கெல்லாம் பிறகுதான். மேடையோரம் இரண்டு பெரிய பாக்ஸை அலறவிடுவதைவிட, பக்கத் தூண்களில் சின்னதாக ஆறு மாட்டி, ஆட்கள் உட்காரும் இடத்தை நோக்கிச் சாய்த்து, குறைந்த சத்தத்தில் வைப்பது நல்லது. பின்வரிசை ஸ்பீக்கருக்கு, மேடையிலிருந்து அது இருக்கும் தூரத்தில் அடிக்கு ஒரு மில்லிவிநாடி வீதம் தாமதம் வைக்கச் சொல்லுங்கள். மிக்ஸரில் அந்த வசதி இல்லையென்றால் பின்வரிசையின் சத்தத்தைக் குறைத்துவையுங்கள்.