மேடுபள்ளமான பேரண்டம்

பேரண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து 1927-ஆம் ஆண்டில் இதைக் கணித்து வெளியிட்டவர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவான அருள்தந்தை ஜார்ஜ் லெமைத்ர். 1929-இல் எட்வின் ஹபிள் வெளியிட்ட தொலைநோக்கி ஆய்வு அதற்கு வலுவூட்டிற்று.

கணக்கு எளிதாகும் பொருட்டு, பொருள் எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதாக அறிஞர்கள் வைத்துக்கொண்டனர். ஆனால் வானம் அப்படியா இருக்கிறது? விண்மீன் மண்டலங்கள் சோப்பு நுரையின் சவ்வுகளைப் போல் திரண்டு நிற்கின்றன. நடுவிலோ மாபெரும் வெற்றிடங்கள்! 1981-இல் கண்டறியப்பட்ட பூட்டிஸ் வெற்றிடத்தின் குறுக்களவு ஏறத்தாழ 33 கோடி ஒளியாண்டுகள்.

மேட்டையும் பள்ளத்தையும் கலந்து சராசரி எடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மாணவியரே, நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுரத்தின் பக்கம் 2 அடி. மற்றொன்றின் பக்கம் 4 அடி. பக்கங்களின் சராசரி 3. அந்தப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 9. ஆனால் இரு சதுரங்களின் பரப்புகள் 4, 16. அவற்றின் சராசரியோ 10! சராசரியை முதலில் எடுப்பதும் கடைசியில் எடுப்பதும் ஒன்றல்ல. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலும் இதே சிக்கல் உண்டு. அந்த வேறுபாட்டைத் தாமஸ் புக்கர்ட் என்பவர் 2000-இல் சமன்பாடுகளாகவே எழுதிக் காட்டினார்.

பொருள் அடர்ந்த இடத்தில் ஈர்ப்பு விசை விரிவைத் தடுக்கிறது; நமது பால்வீதி மண்டலம் விரிவதே இல்லை. வெற்றிடத்தில் தடை குறைவு. அது விரைந்து விரிகிறது. நாளாக ஆக, மொத்த வெளியில் வெற்றிடங்களின் பங்கு பெருகுகிறது. ஆகவே எந்த ஓர் இடமும் தன்னளவில் வேகம் கூடாதிருந்தும், மொத்தத்தின் சராசரி வேகம் கூடக்கூடும்.

இதில் ஒரு பெரிய வழக்கு அடங்கியிருக்கிறது. சூப்பர்நோவா என்னும் வெடிக்கும் விண்மீன்களை ஆராய்ந்த இரு குழுவினர், விரிவின் வேகம் கூடிவருவதாக 1998-இல் கண்டனர். 2011-இல் அதற்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அதற்குக் காரணமாகக் கூறப்படுவது 'இருண்ட ஆற்றல்'. பேரண்டத்தில் ஏறக்குறைய 70 சதவிகிதம் அதுவே என்கின்றனர். அது இன்னதென்று சொல்லத்தான் எவராலும் இயலவில்லை. நியூசிலாந்து அறிஞர் டேவிட் வில்ட்ஷயரோ, அப்படி ஒன்று வேண்டியதே இல்லை, மேடுபள்ளமே காரணம் என்கிறார். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பதையும் அவர் கணக்கில் சேர்க்கிறார். மேடுபள்ளத்தின் விளைவு மிகச் சிறிது என்று கூறி, பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. 70 சதவிகிதத்தை இவ்வளவு எளிதாகத் துடைத்துவிடலாமா என்ற ஐயம் எனக்கும் உண்டு; ஆயினும் கேள்வி நியாயமானதே.

பொருள் சீரின்றிப் பரவிய அண்டத்துக்கு 1933-இலேயே ஒரு தீர்வு வெளிவந்தது. இந்த ஆய்வில் இன்றும் பயன்படும் அத்தீர்வை எழுதியவரும் அதே லெமைத்ர் அடிகளார்தாம்.