நேரலையைப் பிடித்து வைப்போம்!

(டிவியில் ஓடுவதைக் கணினியில் பதிவது எப்படி?)

இந்த மாத 'அறிவியல் மூலை'யில் நாம் பார்க்கப் போவது கைக்கு அடக்கமான ஒரு சின்னப் பெட்டி. பெயர் 'யூ.எஸ்.பி. வீடியோ கன்வெர்ட்டர்'. ஒரு பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை துளைகள். மறுபக்கம் கணினியில் செருகும் யூ.எஸ்.பி. முனை. டிவியில் நேரலையாக ஓடும் நிகழ்ச்சியை வீட்டுக் கணினியில் பதிய இது போதும்.

"அதான் யூடியூப்ல எல்லாம் இருக்கே, எதுக்குப் பதியணும்?"னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு முதலில் ஒரு உண்மைக் கதை.

நிலவிலிருந்து வந்த நேரலை

1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்ததை உலகமே டிவியில் நேரலையாகப் பார்த்தது. ஆனால் நிலவில் இருந்த கேமரா அனுப்பியது நொடிக்கு 10 படம், படத்துக்கு 320 வரிகள். அமெரிக்க டிவிக்கு வேண்டியதோ நொடிக்கு 30 படம், 525 வரிகள். இரண்டும் ஒத்துப் போகாது. அதனால் பூமியில் இருந்த நிலையங்களில் ஒரு கன்வெர்ட்டர் வைத்தார்கள். நிலவுப் படத்தை ஒரு திரையில் காட்டி, அந்தத் திரையை இன்னொரு டிவி கேமராவால் படம் பிடித்து அனுப்பினார்கள். அப்படி மாற்றும்போது தெளிவு குறைந்தது. மக்கள் பார்த்தது அந்த மங்கலான படத்தைத்தான்.

மாற்றுவதற்கு முன்பிருந்த தெளிவான சிக்னலைக் காந்த நாடாக்களில் தனியாகப் பதிந்து வைத்திருந்தார்கள். பிற்பாடு நாசா தேடியபோது அவை கிடைக்கவில்லை. பழைய நாடாக்களை அழித்து வேறு பதிவுக்குத் திரும்பப் பயன்படுத்தியபோது அவையும் போயிருக்கும் என்று 2009-ல் நாசா சொன்னது. பிறகு டிவி நிலையங்கள் முதலான இடங்களில் மிஞ்சியிருந்த ஒளிபரப்புப் பிரதிகளை வைத்துத்தான் அந்தக் காட்சிகளைச் சீர்படுத்தினார்கள்.

நாசாவுக்கே இந்த நிலைமைன்னா, நம்ம ஊர் கேபிள் சேனலில் ஓடும் தேர்த் திருவிழாவையும் பள்ளி விளையாட்டு விழாவையும் யார் பத்திரப்படுத்தப் போறாங்க? பெரிய நிகழ்ச்சி இணையத்தில் கிடைக்கும். நம்ம ஊர் நிகழ்ச்சி, நாம் பதிந்தால்தான் இருக்கும். நேரலை ஒருமுறைதான் வரும். அதனால் பதிவுக்கான கணக்கை நிகழ்ச்சிக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

செட்-டாப் பாக்ஸின் மஞ்சள் துளையிலிருந்து வருவது ஒரு மின் அலை. வெளிச்சமான இடத்தில் மின்னழுத்தம் கூடும், இருட்டான இடத்தில் குறையும். கணினிக்கு அலை புரியாது, எண் மட்டுமே புரியும். கன்வெர்ட்டர் அந்த அலையை நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவை அளந்து ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதுகிறது. நம்ம நாட்டு 'பால்' முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம். 625 வரியில் 576 வரிதான் படத்துக்கு. ஒவ்வொரு வரியிலும் 720 புள்ளிகள் எடுத்துக்கொள்ளப்படும்.

நிறம்? நம் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு நன்றாகத் தெரியும், நிற வேறுபாடு அவ்வளவு நுணுக்கமாகத் தெரியாது. அதனால் வெளிச்சத்துக்குப் புள்ளிக்கு 1 பைட். நிறத் தகவல் 2 பைட், அதைப் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆக ஒரு புள்ளிக்குச் சராசரி 2 பைட்.

கணக்கு போடுவோம் வாங்க!

720 × 576 = 4,14,720 புள்ளிகள்
× 2 பைட் = 8,29,440 பைட் (ஒரு படம்)
× 25 படம் = 2,07,36,000 பைட் (ஒரு நொடி)
× 3600 நொடி = சுமார் 74.6 ஜி.பி. (ஒரு மணி நேரம்)

பார்த்தீங்களா! ஒரு மணி நேர நிகழ்ச்சி அப்படியே பதிந்தால் வட்டில் 75 ஜி.பி. போய்விடும். இந்த ஒரு கணக்கிலிருந்து மூன்று விஷயம் தெரிந்துகொள்ளலாம்.

முதலாவது, யூ.எஸ்.பி. வேகம். பழைய யூ.எஸ்.பி. 1.1-ல் நொடிக்கு அதிகபட்சம் 15 லட்சம் பைட்தான் போகும். நமக்கு வேண்டியது 2 கோடிக்கு மேல். யூ.எஸ்.பி. 2.0-ல் ஏட்டளவில் 6 கோடி பைட். நடைமுறையில் அதைவிடக் குறைவு, ஆனாலும் நமக்குப் போதும். அதனால் கன்வெர்ட்டரை யூ.எஸ்.பி. 2.0 அல்லது அதற்கு மேற்பட்ட துளையில் நேரடியாகச் செருக வேண்டும். அதே வழியில் இன்னொரு வெளி வட்டையும் மாட்டி நெரிசல் உண்டாக்கக் கூடாது.

இரண்டாவது, சுருக்கம். எம்பெக்-2 முறையில் நொடிக்கு 60 லட்சம் பிட் என்று வைத்தால் ஒரு மணி நேரம் 2.7 ஜி.பி.யில் அடங்கும். சில கன்வெர்ட்டர்கள் சுருக்கும் வேலையைத் தானே செய்து அனுப்பும். மற்றவற்றில் கணினிதான் செய்யணும். பழைய கணினி திணறினால் நடுநடுவே படங்கள் விட்டுப்போகும்.

மூன்றாவது, கோப்பின் எல்லை. வட்டு 'ஃபேட்32' முறையில் இருந்தால் ஒரு கோப்பு சுமார் 429 கோடி பைட்டைத் தாண்ட முடியாது. சுருக்காமல் பதிந்தால் 3 நிமிடம் 27 நொடியில் எல்லை வந்துவிடும். வட்டில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்! வட்டு 'என்.டி.எஃப்.எஸ்.' முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

செட்-டாப் பாக்ஸ் → ஏ.வி. கேபிள் → கன்வெர்ட்டர் → யூ.எஸ்.பி. → கணினி

1. மஞ்சள் படத்துக்கு. வெள்ளை இடது ஒலி, சிவப்பு வலது ஒலி. நிறம் பார்த்துச் செருகவும்.

2. கன்வெர்ட்டருக்கு உரிய டிரைவரை நிறுவவும். பதிவதற்கு 'ஓ.பி.எஸ். ஸ்டுடியோ' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அது விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும்.

3. வீடியோ முறையை 'பால்' என்று வைக்கவும். 'என்.டி.எஸ்.சி.' என்று இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது உருளும்.

4. முந்தின நாளே 10 நிமிடம் பதிந்து, அதை முழுசா ஓட்டிப் பார்க்கவும். படம் மட்டும் போதாது, ஒலியும் வருதான்னு கேட்கணும்.

5. கணினி தானாகத் தூங்கிப் போகும் வசதியை நிறுத்தி வைக்கவும்.

6. நிகழ்ச்சிக்கு 5 நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கவும். அதிகமாக வந்ததைப் பிறகு வெட்டிக்கலாம். விட்டுப்போனதை ஒட்ட முடியாது.

கோளாறு வந்தால்...

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்: ஒலியைக் கன்வெர்ட்டரில் செருகாமல் கணினியின் ஒலித் துளையில் செருகினால் இது வரலாம். படத்தை அளக்கும் கடிகாரம் வேறு, ஒலியை அளக்கும் கடிகாரம் வேறு. இரண்டுக்கும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி, அதாவது 9 படம் தள்ளிப் போகும்! ஒலியையும் கன்வெர்ட்டர் வழியாகவே அனுப்புவது நல்லது.

ஓடும் பந்தில் சீப்புப் பல்: பழைய டிவி முறையில் ஒரு படத்தை இரண்டு பாதியாக அனுப்புவார்கள். முதலில் ஒற்றைப்படை வரிகள், 50-ல் ஒரு நொடி கழித்து இரட்டைப்படை வரிகள். அதற்குள் பந்து நகர்ந்துவிடுகிறது. இரண்டு பாதியையும் கணினி ஒன்றாகச் சேர்த்துக் காட்டும்போது ஓரம் சீப்பு மாதிரி தெரியும். இது பழுது அல்ல. ஓட்டிப் பார்க்கும்போது 'டீ-இன்டர்லேஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

எச்.டி. சேனல், ஆனா படம் சுமார்: மஞ்சள் துளை வழியாக 576 வரிக்கு மேல் வராது. எச்.டி.எம்.ஐ. வழியில் பல செட்-டாப் பாக்ஸ்கள் 'எச்.டி.சி.பி.' என்ற பூட்டைப் போட்டு அனுப்பும். அதைப் பதிய முயன்றால் திரை கறுப்பாக இருக்கும். அந்தப் பூட்டை உடைப்பது நம் வேலை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 39: ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்கோ, உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்கு மட்டுமோ பதிந்தால் அது ஒளிபரப்பாளர் உரிமையை மீறியதாகாது. ஆனால் பதிந்ததை சி.டி. போட்டு விற்பதும், இணையத்தில் ஏற்றுவதும் வேறு விஷயம். அதற்கு உரியவரின் அனுமதி வேண்டும்.

இன்னொரு உபயோகம்: உங்க வீட்டுப் பரணில் அப்பா, அம்மாவின் கல்யாண வீடியோ கேசட் இருக்கா? ஓடுகிற வி.சி.ஆர். ஒன்று கிடைத்தால், செட்-டாப் பாக்ஸ் இருந்த இடத்தில் அதை இணைத்து, இதே கன்வெர்ட்டரால் கணினிக்கு மாற்றலாம். காந்த நாடா வருஷம் போகப் போக நலியும். ஓடும் வி.சி.ஆர்.களும் குறைந்துகொண்டே வருகின்றன. தள்ளிப் போடாதீங்க!

பதிந்த பிறகு கோப்புக்கு நாள், சேனல், நிகழ்ச்சி மூன்றையும் பெயராக வையுங்கள். 'வீடியோ 1', 'வீடியோ 2' என்று வைத்தால் பத்து வருஷம் கழித்து யாருக்கும் எதுவும் புரியாது. இன்னொரு வட்டில் ஒரு பிரதியும் இருக்கட்டும். ஒரே பிரதி என்றால் அது பாதி தொலைந்த மாதிரிதான்.

மூளைக்கு வேலை!

32 ஜி.பி. பென்டிரைவ், ஃபேட்32 முறை. நொடிக்கு 60 லட்சம் பிட் வேகத்தில் ஒரு கபடி இறுதிப் போட்டியை இடைவிடாமல் ஒரே கோப்பாகப் பதிகிறோம். போட்டி 2 மணி நேரம் ஓடுகிறது. முழுசும் பதிவாகுமா? இல்லை என்றால் எத்தனையாவது நிமிடத்தில் நிற்கும்? விடையைக் கணக்கோடு எழுதிக் கணினி ஆய்வகப் பெட்டியில் போடவும். சரியான விடை எழுதியவர்கள் பெயர் அடுத்த இதழில் வரும்.

ஆக்கம்: கணினி அறிவியல் பிரிவு, 11-ம் வகுப்பு