மங்கியதெல்லாம் கோள் அல்ல

அன்புள்ள கயலுக்கு,

விண்மீனின் ஒளி ஒரே இடைவெளியில் மறுபடி மறுபடி குறைகிறது என்றால் அது கோள்தானே, அதைச் சொல்ல எதற்கு ஒன்றரை வருடம் என்று கேட்டிருந்தாய். நீ படித்தது கே2-236பி பற்றிய செய்தி. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் 2018-இல் உறுதிசெய்த புறக்கோள் அது. சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைப் போன்ற ஒரு விண்மீனை 19.5 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது.

அந்த விண்மீனின் மங்கலைப் பார்த்தது கெப்ளர் விண்தொலைநோக்கி. அதன் திசையை நிலைநிறுத்தும் நான்கு சக்கரங்களில் இரண்டு 2013-க்குள் பழுதாகிவிட்டன. சூரிய ஒளியின் அழுத்தத்தையே முட்டாக்கி, மேலும் சில ஆண்டுகள் அதனிடம் வேலை வாங்கினார்கள். அந்த இரண்டாம் ஆயுளின் பெயர்தான் கே2. அந்தக் கதையே தனிக் கடிதத்துக்கு ஆகும்!

மங்கலிலிருந்து கிடைப்பது கோளின் அளவு மட்டுமே. விண்மீனின் முகத்தில் எவ்வளவு பரப்பு மறைந்தது என்று பார்த்து ஆரத்தைக் கணக்கிடலாம். அதையும் உடனே நம்பிவிட முடியாது. அதே திசையில் வெகுதூரத்தில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள் இருந்தால், அவற்றின் பெரிய மங்கல் முன்னாலிருக்கும் விண்மீனின் ஒளியில் கலந்து சின்னதாகத் தெரியும். கருவிக்கு எல்லாம் ஒரே புள்ளி. அதனால் 1, 3, 5-ஆம் மங்கல்களையும் 2, 4, 6-ஆம் மங்கல்களையும் தனித்தனியே சேர்த்துப் பார்ப்பார்கள். இரட்டை விண்மீன்கள் மாறி மாறி மறைப்பதால், ஆழம் வேறுபட்டால் அநேகமாக அது கோள் இல்லை.

பிறகுதான் நிறை. கோள் சுற்றும்போது அதன் நிறைக்கேற்ப விண்மீனும் லேசாக ஆடும். நம் பக்கம் வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தை நோக்கியும், விலகும்போது சிவப்பை நோக்கியும் நகரும். அபு மலையின் குருசிகரில் 1.2 மீட்டர் தொலைநோக்கியோடு பாரஸ் என்ற நிறமாலைமானியை இணைத்து இதை அளந்தார்கள். இந்த விண்மீனின் ஆட்டம் நொடிக்கு 6 மீட்டர் அளவுதான். சைக்கிள் மிதிக்கும் வேகம். கருவியின் வெப்பநிலை கொஞ்சம் மாறினாலே கோடு அதைவிட அதிகமாக நகர்ந்துவிடும் என்பதால், கருவியை வெற்றிடக் கலத்துக்குள் வைத்துக் காக்கிறார்கள். மழைக்காலத்தில் அங்கே வானமே தெரியாது. ஆட்டம் 19.5 நாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பல சுற்றுகளும் வேண்டும். உன் ஒன்றரை வருடம் இங்கேதான் போனது.

ஆட்டத்தை மட்டும் வைத்தாலும் ஏமாறுவோம். சுற்றுப்பாதை சாய்ந்திருந்தால் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் நம் கண்ணில் படும்; நிறை குறைவாகத் தோன்றும். கோள் விண்மீனின் குறுக்கே போகிறது என்பதே பாதை நமக்குப் பக்கவாட்டில் இருப்பதைக் காட்டிவிடுகிறது. இரண்டு முறைகளும் சேரும்போதுதான் உண்மையான நிறை கைக்கு வருகிறது.

இனி நீயே கணக்குப் போடலாம். ஆரம் பூமியைப் போல் 6 மடங்கு, அதனால் கனஅளவு 216 மடங்கு. நிறை 27 மடங்கு. ஆகவே அடர்த்தி பூமியினுடையதில் எட்டில் ஒரு பங்கு. பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல் 5.5 மடங்கு என்பதால், விடை ஏறக்குறைய 0.7. தண்ணீரைவிட லேசு! ஆனாலும் நிறையில் 60-70 சதவீதம் பனி, சிலிக்கேட், இரும்பு போன்ற கனமான பொருள்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

செய்திகளில் பெரும்பாலும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அந்த 27 நடுமதிப்புதான். பிழை வரம்பு ஏறக்குறைய 14 முதல் 41 வரை போகிறது. 14-ஐயும் 41-ஐயும் வைத்து அடர்த்தியைப் போட்டுப் பார். இரண்டிலும் அது தண்ணீரைவிட லேசாகவே இருக்கிறதா என்று எனக்கு எழுது.

உன் மாமா