பென்சில் கோட்டில் ஓர் உணரி

கேள்வி: மகள் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறாள். சூழலைக் கெடுக்காத மின்னணு உணரி ஒன்றைச் செயற்றிட்டமாகச் செய்யப் போகிறாளாம். இலையிலும் சிரட்டையிலும்கூட மின்சுற்று அமைக்கிறார்கள் என்கிறாள். உண்மையா? கொழும்பில் ஒரு மாடிவீட்டுக்குள் இருந்துகொண்டு செய்யக்கூடிய வேலையா?
— ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: உண்மைதான், அம்மா. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் 2018இல் சிரட்டை, பாண், உருளைக்கிழங்கு, கடதாசி ஆகியவற்றின் மேற்பரப்பை லேசரால் கருக்கி, மின் கடத்தும் கிராபீன் என்ற கரிமப் பொருளாக மாற்றிக் காட்டினார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2024இல் இலை நரம்புகளின் வலையையே சுற்றுப்பலகைக்கு அடித்தளமாக்கினார்கள்.

லேசர் வீட்டுக்குள் வேண்டாம். மகளுக்குத் தேவை ஒரு பென்சிலும் தடித்த கடதாசியும்தான். பென்சிலின் உள்ளே இருப்பது களிமண் கலந்த காரீயம், அதாவது கிராபைட். உலகத்தின் மிகத் தூய காரீயங்களில் ஒன்று நம் நாட்டுப் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கிறது. ஹோமாகமையிலுள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் இந்தக் காரீயத்திலிருந்து கிராபீன் எடுக்கும் ஆய்வைச் செய்திருக்கிறது. கையில் இவ்வளவு நல்ல பொருளை வைத்துக்கொண்டு வெளிநாட்டு உணரிகளை மட்டும் வாங்கிப் பொருத்துவது எனக்கு வருத்தம்தான்.

6B அல்லது 8B பென்சில் வாங்குங்கள். மென்மையான பென்சிலில் காரீயம் கூடுதல். கடதாசிப் பட்டையில் 'ப' வடிவில் தடித்த கோடு போட்டு, பளபளக்கும்வரை திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். இரு முனைகளிலும் குரொக்கடைல் கிளிப்பை மாட்டி மல்டிமீட்டரைக் கிலோ ஓமில் வைத்துப் பாருங்கள். கோடு வெளிப்புறம் இருக்கப் பட்டையை வளைத்தால் காரீயத் துணுக்குகள் விலகும், தடை கூடும். உட்புறம் இருக்க வளைத்தால் நெருங்கும், தடை குறையும். விரலில் ஒட்டினால் விரல் மடங்குவதை அளக்கலாம். உணரி ஆயத்தம்.

தொல்லை கடற்காற்றில் வரும். கொட்டாஞ்சேனை கடலை அண்டியது. கடதாசி ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். காலையில் எடுத்த அளவும் நண்பகலில் எடுத்த அளவும் ஒத்துப்போகாது. பட்டையின் இருபுறமும் தேன்மெழுகு பூசினால் ஈரம் உட்புகுவது குறையும். சாதாரண மெழுகுதிரி பெரும்பாலும் பெற்றோலியப் பொருள், அதைத் தவிர்ப்பது நல்லது.

ஆனால் இந்தக் குறையையே அளவீடாக்கிக்கொள்ள முடியும். அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிராட் குடெரும் சகாக்களும் 2016இல் கடதாசியில் காரீய மையால் மின்முனைகள் பதித்து, மூச்சிலுள்ள ஈரத்தைக் கொண்டு சுவாசத்தை அளந்தார்கள். மகள் ஈரப்பத உணரியாகவே செய்தால் கொழும்பு வானிலைக்கு அது பொருத்தமான தலைப்பு. அளவுதிருத்தம் சமையலறையில் முடிந்துவிடும்: மூடி உள்ள கண்ணாடிப் போத்தலின் அடியில் கறியுப்பைக் கொட்டி, ஈரமணல் போலாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். மெழுகு பூசாத பட்டையை உப்பில் முட்டாமல் உள்ளே தொங்கவிட்டு, ஓர் இரவு மூடி வைத்தால் உள்ளே ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தில் நிற்கும். அப்போது காட்டும் தடையைக் குறித்துக்கொள்ளட்டும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொதிகளை இன்னொரு போத்தலில் போட்டால் காய்ந்த நிலைக்கு ஓர் அளவும் கிடைக்கும். இரண்டும் இருந்தால்தான் 'இந்தத் தடை எவ்வளவு ஈரத்தைக் காட்டுகிறது?' என்று ஆசிரியர் கேட்டால் பதில் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'நூறு வீதம் சூழல் நேயமானது' என்று எழுத விடாதீர்கள். உக்குவது கடதாசியும் மெழுகும்தான். காரீயம் உக்காது, ஆனால் மண்ணுக்கு நஞ்சில்லை. அளவுகளைப் பதிய மகள் ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகையைப் பயன்படுத்தினால், அது கண்ணாடி நாரும் எபொக்சியும் சேர்ந்தது. வயரும் மின்கலமும் குப்பைக்குப் போனால் கேடுதான். 2022இல் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6 கோடி 20 இலட்சம் தொன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே. ஆகையால் பட்டையைப் பலகையில் ஒட்டவோ ஈயம் வைத்து இணைக்கவோ வேண்டாம், கிளிப்பே போதும். பட்டை பழுதானால் அதை மட்டும் மாற்றலாம், பலகை அடுத்த மாணவருக்கு உதவும். புதுப் பலகை வாங்கப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகுமுன், பாடசாலை ஆய்வுகூடத்தில் இரவல் கேட்டுப் பாருங்கள்.

அறிக்கையின் முதற்பக்கத்திலேயே உக்கும் பொருட்கள், உக்காத பொருட்கள் என இரு பட்டியல்களை மகள் எழுதட்டும். அது இல்லாமல் செயற்றிட்டத்தைக் கையளிக்க விடாதீர்கள், அம்மா.