கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசப் போகிறவர்களுக்கு

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பெரிய ஆலை ஏதேனும் புதிதாக வரவிருக்கும்போது, 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டும் கருத்துக் கேட்புக் கூட்டமானது, கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க, சாமான்ய ஜனங்கள் தங்கள் அபிப்பிராயத்தை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு வாய்க்கும் அருமையான சந்தர்ப்பமாகும். ஒலிபெருக்கியைப் பற்றிக்கொண்டு, முன்னவர் சொன்னதையே மூன்றாம் முறையாகச் சொல்லி, மாற்றுக் கருத்துடையவரைக் கைக்கூலி என்று தூஷித்து நேரத்தை விழுங்கும் ஒருவருக்குப் பின்னால், தம் கிணற்று நீரைச் சீசாவில் எடுத்து வந்த மூதாட்டி கால் கடுக்க நிற்பதைக் காண மனம் பொறுப்பதில்லை.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகவே அறிவிப்பு வந்துவிடுவதால், கலெக்டர் அலுவலகத்தில் வைக்கப்படும் ஆலையின் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையையும் அதன் தமிழ்ச் சுருக்கத்தையும் அவசியம் வாசித்து, ஆட்சேபிக்க வேண்டிய விஷயத்தைப் பக்க எண்ணுடன் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தைப் பேசுங்கள். அதையே எழுத்து மூலமும் கொடுங்கள். பேசுவதெல்லாம் வீடியோவில் பதிவாகிறது, வசைமொழி உட்பட. முன்னவர் உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டால், "அதை ஆமோதிக்கிறேன்" என்பதே போதும்.

பேசியவுடன் எழுந்து போய்விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை என்பேன். எழுந்த ஆட்சேபங்களின் தொகுப்பு கூட்டத்தின் முடிவில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. அதுவரை அமர்ந்திருந்து, உங்கள் ஊர்க் கிணறு அதில் விடுபட்டிருந்தால், அங்கேயே நிதானமாக எழுந்து சொல்லுங்கள்.