கருவி பொருத்திய பிறகும் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு என் அக்காவுக்கு உள்கதிர் சிகிச்சை தொடங்குகிறது. மயக்கம் கொடுத்துக் கருவியைப் பொருத்திவிட்டு, மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்களாம். ஏன் இந்தச் சுற்று?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: கதிர்மூலத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் கதிரின் வலு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைகிறது. அதனால் சில மில்லிமீட்டர் விலகினாலே கட்டிக்குப் போகவேண்டிய கதிர் சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ போய்விடலாம்.

கருப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய், கருப்பைவாயை ஒட்டி ஒரு வளையம்: பெரும்பாலும் கருவி இவ்வளவுதான். குழாய் கருப்பைச் சுவரைத் துளைத்துவிடாமல் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி செலுத்துவார்கள். பிறகு துணிச்சுருள் அடைத்து, கருவியை அசையாமல் நிறுத்தி, பக்கத்து உறுப்புகளைத் தள்ளிவைப்பார்கள். கட்டி ஒரு பக்கமாகப் பரவியிருந்தால் ஊசிகளும் சேரும்.

கருவி உள்ளே இருக்கும்போது எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில்தான் கட்டியும் உறுப்புகளும் அன்று இருக்கும் நிலை தெரியும். அதன்படியே, கருவிக்குள் செல்லும் கதிர்மூலமான இரிடியம்-192 எங்கே, எத்தனை நொடி நிற்கவேண்டும் என்று கணக்கிடுவார்கள். ரொறன்ரோவில் பிரின்சஸ் மார்கரெட், சன்னிபுரூக் இரண்டிலும் இம்முறை உண்டு. எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் 1,341 பெண்களுக்குச் சிகிச்சையளித்த 'எம்பிரேஸ்' ஆய்வில், ஐந்தாண்டில் அவ்விடத்து நோய்க் கட்டுப்பாடு 92 சதவீதம்.

ஸ்கேனுக்குப் பின் அக்கா எழுந்து உட்காரக் கூடாது. கருவி நகர்ந்தால் கணக்கு பிசகும். வலித்தால் தாதியிடம் உடனே சொல்லட்டும். கதிர்மூலம் திரும்ப எடுக்கப்பட்டபின் உடலில் கதிர் தங்காது. வீட்டில் குழந்தைகளைத் தாராளமாக அணைக்கலாம்.