பைக் சொல்லிக் கொடுத்த யூ.பி.எஸ். சோதனை

கம்ப்யூட்டர் இதழில் பைக்குக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலான பைக்குகளிலும் சாதாரண வீட்டு யூ.பி.எஸ்.களிலும் இருப்பது காரீய-அமில வகை 12 வோல்ட் பேட்டரிதான்.

ஒருநாள் காலை ஆபீஸ் கிளம்பும்போது என் பைக்கின் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினேன். டக், டக் என்ற சத்தம் மட்டுமே வந்தது. ஹாரன் அடித்தது, ஹெட்லைட்டும் எரிந்தது. ஆகவே பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். (படித்தது இன்ஜினியரிங்!)

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பேட்டரி முனைகளில் நேராகத் தொட்டுப் பார்த்தேன். 12.5 வோல்ட். முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும்; குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டனை அழுத்தியதும் 8 வோல்ட்டுக்கு விழுந்தது. 10க்குக் கீழே போகக் கூடாது. ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். முனைகளில் படிந்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, இரவு முழுக்க சார்ஜ் போட்டும் அதே கதை. பேட்டரியை மாற்றினேன். மாற்றிய பிறகு இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அளந்தால் 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இல்லையென்றால் சார்ஜிங்கில் கோளாறு. புதிய பேட்டரியும் படுத்துவிடும்.

அப்போதுதான் முந்தைய வாரம் நடந்தது புரிந்தது. கரண்ட் போனதும் யூ.பி.எஸ். ஒரு பீப் கொடுத்துவிட்டு அணைந்தது. அக்கா இரண்டு மணி நேரம் டைப் செய்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சேவ் செய்யாததால் போயே போய்விட்டது. கரண்ட் இருக்கும்போது பச்சை விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தது!

உங்கள் யூ.பி.எஸ்.ஸை நீங்களே சோதிக்கலாம். எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறட்டும். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, அதன் பிளக்கை யூ.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். அந்த இடத்தில் பழைய 100 வாட் குண்டு பல்பு போட்ட டேபிள் லேம்ப்பைச் செருகுங்கள். எல்.இ.டி. பல்பு வேண்டாம், அது ஹாரன் மாதிரி, பேட்டரிக்குச் சுமையே தெரியாது. இப்போது சுவரில் யூ.பி.எஸ்.ஸின் சுவிட்சை அணையுங்கள். பல்பு சில நொடிகளில் அணைந்தால் பேட்டரி பெரும்பாலும் முடிந்தது.

600 வி.ஏ. யூ.பி.எஸ்.களில் பொதுவாக 12 வோல்ட், 7 ஏ.எச். சீல்டு பேட்டரி இருக்கும். லேபிளைப் பார்த்து அதே அளவில் வாங்கி, கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். மிச்சம் பிடிக்க நினைத்து ஆசிட் ஊற்றும் பைக் பேட்டரியை அதில் இணைக்க வேண்டாம். பழையதைக் குப்பையில் போடாமல் கடையில் கொடுங்கள். உள்ளே இருக்கும் காரீயத்துக்காக விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.